காற்று விடாத மூடி

பர்மாவில் தின்கிற ஊறவைத்த தேயிலை டப்பாவுக்கு ஈரம் போகாத மூடி செய்தவன் நான். பொரித்த இறால் போத்தலில் எண்ணெய் கசியாமல் நிறுத்தியவன் நான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாலும் சிந்தாத கரும்புச்சாறு கோப்பை மூடி, எறும்பு நுழையாத பனைவெல்ல டப்பா மூடி, மழைக்காலம் முழுக்க முறுக்கு நமத்துப்போகாத மூடி, எல்லாம் இந்தக் கையில் பிறந்தவை. படிப்பு நாலாம் வகுப்பு. வரைபடம் போடத் தெரியாது. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து யோசிப்பேன். கரண்டு ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வராது. நல்ல இரும்பு கிடைக்காது. உடைத்த கப்பலின் தண்டை அறுத்து வந்து அதில் அச்சு கடைந்தேன். இன்றைக்கு ரங்கூனில் நூறு வீட்டு அடுப்படிக்குள் போய்ப் பாருங்கள். என் மூடி இல்லாத வீடு ஒன்றைக் காட்டினால் நான் எழுதுவதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெருமைக்குத்தான் சொல்கிறேன். எழுத்துப் பிழைகளை என் வீட்டுக்காரி திருத்துகிறாள், மிஷன் பள்ளியில் படித்தவள். விஷயத்தைத் திருத்த அவளையும் விடவில்லை.

என் அச்சுகளையெல்லாம் வாங்கிக்கொண்ட கம்பெனி இப்போது புதுக் கட்டடம் கட்டியிருக்கிறது. வாசலில் பித்தளைப் பலகை ஒன்று வைத்து, அதில் 'மூச்சு மூடி'யின் கதையைப் பொறிக்கப்போகிறார்கள். புளிக்கிற பண்டம் உள்ளே கிளப்பும் காற்றை வெளியே விட்டுவிட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடி அது. மேனேஜர் வாசகத்தைத் தட்டச்சு அடித்துக் கொண்டுவந்தார். என் பேர் மூன்று இடத்தில் வருகிறது. நடுவில் இரண்டு வரி. ஆரம்பத்தில் ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால் மூடியில் குறை ஏற்பட்டு ஒரு பெண்மணி தம் கண்ணை இழந்தார் என்று ஒரு வரி. பின்னர் ஸ்தாபகர் தமது அறிவால் அக்குறையை நீக்கினார் என்று ஒரு வரி. ஸ்தாபகர் என்றால் நான்.

இரண்டும் பொய். இரண்டையும் இத்தனை வருஷமாக ஊருக்குச் சொல்லி வந்தவன் நான்தான். வாயால் சொன்ன பொய்க்கு ஆயுசு குறைவு. பித்தளையில் ஏறிவிட்டால் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். அந்தத் தொழிலாளி செத்துப்போய்விட்டார். அவர் மகள் அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்க்கிறாள். தினம் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்பத்தெட்டுப் போராட்டத்தில் ஊரே அடைத்துக் கிடந்தபோது நான் வேலை பார்த்த லேத்துப் பட்டறையும் மூடிப்போனது. ரங்கூன் ஓரம் தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் ஒரு பழைய லேத்தையும், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் இறக்கும் கைப்பிரஸ் ஒன்றையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் ஊறுகாயோ கருவாடோ எதுவானாலும் டப்பாவின் வாயில் பாலிதீன் தாளைப் போட்டு ரப்பர் பாண்டு மாட்டுவார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். நம் ஆட்கள் கடைகள் நிறைந்த பபேடான் சந்தைத் தெருக்களில் கடை கடையாக ஏறி, வெளிநாட்டு டப்பாக்களை வாங்குகிறவன் மாதிரி எடுத்து, திறந்து மூடி, திறந்து மூடி, உதட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். டப்பாவைக் கவ்விப் பிடிக்கிற உள்விளிம்பைத்தான் நாங்கள் உதடு என்போம். மூடியின் உயிர் அங்கேதான்.

"கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில சோத்தப் பாக்காம டப்பா மூடியத் திருப்பிப் பாக்குற மனுஷன் நீங்க ஒருத்தர்தான்," என்பாள் வீட்டுக்காரி.

"பாக்குறதால்தான் உன் வீட்டு அப்பளம் நொறுங்குது," என்பேன்.

பட்டறைக்கு ஆள் தேவைப்பட்டபோது வந்து சேர்ந்தவர்தான் நான் சொன்ன அந்தத் தொழிலாளி. பர்மாக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பர்மியில் அண்ணனைக் கோஜீ என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை 'சயா' என்பார், ஆசான் என்று அர்த்தம். அவருடைய வேலை அரம். லேத்தில் நான் கடைந்து கொடுக்கும் அச்சின் உதட்டை அரத்தாலும் எமரித் தாளாலும் தேய்த்து முடிப்பவர் அவர். தலைமயிரின் கனத்தைக் கட்டைவிரலால் சொல்லிவிடுவார். பபேடானில் சின்ன வயதில் மூட்டை தூக்கினவர் என்பதால் தமிழ் பேசுவார், ஓட்டையும் ஒடிசலுமாக.

மூடி காற்று விடுகிறதா என்று பார்க்க என் முறை ஒன்று உண்டு. வெறும் டப்பாவை மூடி, தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்து நூறு எண்ணுவேன். ஒரு குமிழி வந்தாலும் அந்த மூடி குப்பைக்கு. கோஜீக்குக் குமிழி என்ற சொல் வாயில் வராது. "சயா, முட்டை வருது!" என்பார். பட்டறையில் அதுவே பேராகிவிட்டது. முட்டை போடாத மூடி. அதுதான் நான் ரங்கூனுக்குக் கொடுத்த வாக்கு. நாலு வருஷத்தில் என் மூடி முட்டை போடாது என்று பபேடான் வியாபாரிகள் எல்லாரும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் அவள் வந்தாள். ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகேறி வந்து, கடுகுக்கீரையை உப்பும் கஞ்சியும் போட்டுப் புளிக்க வைத்து விற்கிறவள். பர்மியில் அதை மொன்ஞின்ஜின் என்போம், சோற்றுக்கு அது இல்லாமல் இங்கே யாருக்கும் இறங்காது. என் வயதுதான் இருக்கும். மரியாதைக்கு 'அமா' என்றேன், பர்மியில் அக்கா. தமிழ் வாயில் அது அம்மா என்றே விழும், அவளும் சிரித்துக்கொள்வாள்.

ஒரு டப்பாவை மேசையில் வைத்தாள். "தாளைக் கட்டினா ரெண்டு நாள்ல கறுத்துப்போவுது. காத்து உள்ள வரக்கூடாது சயா. ஆனா இந்தக் கீரை லேலெ பண்ணும், பாத்துக்குங்க."

லேலெ என்றால் பர்மியில் மனிதர் வயிற்றிலிருந்து கீழே விடுகிற காற்று. வேறு நாகரிகமான சொல் அவளுக்குத் தெரியாது. கொட்டகையே சிரித்தது. பிரஸ்ஸில் நின்றவன் தமிழில் சொல்லிச் சிரித்தான். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

"பண்ணட்டும் அமா. என் மூடியப் போட்டா வாசனை வெளிய வராது," என்றேன்.

அவளும் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். கோஜீ மட்டும் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு அரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"சயா, அந்தப் பொம்பள வெளாட்டுக்குச் சொல்லல. புளிக்கிற சாமான் காத்து விடும். ஊசிக்கண்ணு ஒண்ணு உடுவோம்."

"எங்க?"

"மூடி நடுவுல."

"ஏன் கோஜீ, நாலு வருஷமா ஓட்டைய அடைக்கத்தானே சோறு திங்கறோம்? நானே என் மூடியில ஓட்டை போடவா? நாளைக்கு வாளியில அமுக்கினா முட்டை முட்டையா வருமே, பபேடான்காரன் காறித் துப்ப மாட்டானா?"

"காத்து உள்ள போவக்கூடாது. வெளிய வரலாம்ல?"

"காத்துக்கு வாசல் ஒண்ணுதான். உள்ள போற வழியாத்தான் வெளிய வருவான். உதட்டை இன்னும் இறுக்குங்க. மயிரிழை இறுக்குங்க."

அவர் உட்கார்ந்து, நான் சொன்னபடி அச்சைத் தேய்த்தார். அவர் கை தவறவில்லை. அந்த உதட்டைப் போலச் சுத்தமான உதட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாளிக்குள் நூறு எண்ணினோம். ஒரு முட்டை கிடையாது. நான் எழுந்து ஆடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வெயில். ஒரு பகலில் அவள் திரும்பி வந்தாள். கூடையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். மூடி மேல்பக்கம் வீங்கியிருந்தது.

"உங்க மூடி புள்ளத்தாச்சியா இருக்கு சயா," என்றாள்.

கொட்டகை மறுபடி சிரித்தது. கோஜீ எழுந்து எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். "வீங்கினா என்ன அமா, ஒரு சொட்டு வெளிய வந்திருக்கா? குனிஞ்சு விளிம்பப் பாரு. திறந்து பாரு, கீரை அப்படியே பச்சையா இருக்கும்."

அவள் குனிந்து கட்டைவிரலை உதட்டுக்குக் கீழே கொடுத்தாள்.

சத்தம் பெரிதில்லை. கையைத் தட்டினால் வருகிற அளவுதான். மூடி அவள் முகத்தில் அடித்துத் தகரத்தில் போய் மோதி விழுந்தது. உப்புத் தண்ணீர் மேசை எங்கும். அவள் கத்தவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று சின்னக் குரலில் எங்களைக் கேட்டாள். கோஜீதான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் நின்ற இடத்தில் நின்றேன். மேசையில் கீரை பச்சையாகத்தான் இருந்தது.

கண் போய்விட்டது.

சில நாள் கழித்து அவள் தம்பி இரண்டு ஆட்களோடு பட்டறைக்கு வந்தான். மூடியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதை இவ்வளவு இறுக்கமாக்கினது யார் கை?" என்று கேட்டான். அவன் கேட்ட விதத்தில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. "உதட்டுக்கு அரம் போட்டது அவர்," என்று கோஜீயைக் காட்டினேன். அது பொய்யான வாக்கியம் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வந்தது.

கோஜீ கையில் அரம் இருந்தது. என்னைப் பார்த்தார். "ஆமா, நான்தான் தேய்ச்சேன்," என்றார். நான் சொல்லித்தான் என்று சேர்ப்பார் என்று காத்திருந்தேன். சேர்க்கவில்லை. என்னைச் சயா என்று கூப்பிட்ட வாயால் அதைச் சொல்ல அவருக்கு வரவில்லை போலிருக்கிறது.

பர்மியரிடம் 'கடோ' என்று ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் முன்னால் தேங்காயும் வாழைப்பழமும் வைத்து, மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கி, செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது. சின்னவர்தான் பெரியவருக்குச் செய்வார். கோஜீ தேங்காயும் பழமும் வாங்கிக்கொண்டு படகேறி டாலாவுக்குப் போய், தன்னைவிடப் பத்து வயது இளைய அந்தப் பெண்ணின் முன்னால், அவள் வீட்டார் எல்லாரும் பார்க்க, மண்டியிட்டு எழுந்தார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவள் தம்பி சொன்னான். அதற்குப் பிறகு அவர்கள் நியாயம் கேட்டுப் பட்டறைப் பக்கம் வரவில்லை.

அவர் திரும்பி வந்தபோது கையில் கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று இருந்தது. டாலா துறையில் படகுக்குக் காத்திருந்தபோது ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் டியூபுக்கு வால்வு ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தானாம். பம்பு அடித்தால் காற்று ஒரு பக்கம்தான் போகிறது, திரும்பி வருவதில்லை. அதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். மூடியின் நடுவில் ஊசியால் துளைத்து, அதன் மேல் அந்த ரப்பரில் வெட்டிய பொட்டை ஒரு ஓரம் மட்டும் பிடிக்கிற மாதிரி ஒட்டினார். கீரை புளித்துக்கொண்டிருந்த டப்பாவுக்கு அதைப் போட்டு வாளியில் அமுக்கினார். ஒவ்வொன்றாக முட்டை மேலே வந்தது. பிறகு வெறும் டப்பாவுக்குள், நனைந்தால் தெரிய மஞ்சள் பூசிய தாளை வைத்து மூடி அமுக்கினார். வெளியே எடுத்துப் பார்த்தால் தாள் நனையவில்லை.

"லேலெ பண்ணுது சயா," என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

காற்றுக்கு வாசல் ஒன்றுதான் என்று நான் சொன்னதை அவர் எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த மூடிதான் எங்களைத் தூக்கி நிறுத்தியது. பபேடான் வியாபாரி ஒருவர் கொட்டகைக்கு வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாரு மூளைங்க இது?" என்றார். கோஜீ பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தார். "நம்ம மூளைதான்," என்றேன். தமிழில் நம்ம என்றால் உனக்கும் எனக்கும் என்றும் அர்த்தம், எனக்கு மட்டும் என்றும் அர்த்தம். வியாபாரி என் முதுகைத் தட்டினார். கோஜீக்கு அந்த அளவு தமிழ் தெரியும். எமரித் தாளை மடித்து வேலையைப் பார்த்தார். அதற்குப் பிறகு 'நம்ம'வும் தேவைப்படவில்லை. என் மூளை என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

மூச்சு மூடி என்று பேர் வைத்ததும் நான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேரே என்னைப் பிடித்துக்கொண்டது. பரிசோதனைக்கு வைத்த டப்பாக்கள் ஜன்னல் ஓரப் பலகையில் வரிசையாக இருக்கும். மத்தியானம் கரண்டு போய் எல்லா மெஷினும் நின்றுவிட்டால், அந்த அமைதியில் ஒரு டப்பா மூச்சு விடும். ஸ்ஸு என்று அவ்வளவுதான். கொஞ்சம் கழித்து இன்னொன்று. வெளியே தெருவில் "மீ லாபி!" என்று கரண்டு வந்த சந்தோஷத்தில் கூவும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கோஜீ மூன்று வருஷம் இருமி இருமி இறந்த பிறகு, அந்த மூச்சு அவருடைய ஸ்டூல் பக்கத்திலிருந்து வர ஆரம்பித்தது. டப்பாக்களை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அங்கிருந்து வரவில்லை, ஸ்டூல் பக்கமே வந்தது. ஸ்டூலை யாருக்கோ கொடுத்தேன். அப்புறமும் வந்தது. பைத்தியம் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். முதலில் அந்த மூடி வெள்ளையாகத்தான் இருந்தது. வெள்ளை வட்டம், நடுவில் கறுப்பு ரப்பர் பொட்டு. பத்து மூடியைப் பரப்பி வைத்தால் பத்தும் என்னைப் பார்க்கும். கவிழ்த்து அடுக்கச் சொன்னேன். பிறகு நிறத்தையே மாற்றினேன். பச்சை கீரைக்குப் பொருத்தம் என்று வியாபாரிகளிடம் சொன்னேன், அவர்களும் சரியென்றார்கள். இன்றுவரை அது பச்சை. ஏன் பச்சை என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

கண்ணை இழந்த பிறகும் டாலாக்காரி தொடர்ந்து எங்களிடம்தான் மூடி வாங்கினாள். மூடியைத் திறக்கும்போது முகத்தை முழுக்கத் தோள் பக்கம் திருப்பிக்கொண்டு திறப்பாள். ஒரு தடவை சொன்னாள்: "கோஜீ பாவம், கை தவறிடுச்சு. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லேன்னு அவர்கிட்ட சொல்லுங்க சயா." அவர் அப்போது உயிரோடு இருந்தார், படுக்கையில். நான் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்னைப் பார்ப்பாரே.

போன மாதம் வாசகம் பேக்கிங் ஆட்கள் கைக்கும் போயிருக்கிறது. கோஜீயின் மகள் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. பெரியவர்களை மாமா என்பதுபோல இங்கே 'ஊலே' என்பார்கள்.

"ஊலே, அந்தத் தொழிலாளின்னு போட்டிருக்கறது எங்கப்பாவா?"

"ஆமா."

"அப்பா கவனமில்லாம வேல செஞ்சாரா? எனக்கு நெனவு தெரிஞ்சு அவரு கவனமில்லாம சோறுகூடத் தின்னதில்ல. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

என் வீட்டுக்காரி சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நான் அதே கதையைத்தான் சொல்லி வைத்திருந்தேன். "இல்ல. கவனமில்லாம இருந்தது நான்," என்றேன். அந்தப் பெண் தலையாட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் படகேறி டாலாவுக்குப் போனேன். ஊறுகாய்க்காரி தொட்டியடியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். முழுவதும் சொன்னேன். ஊசிக்கண் விடலாம் என்று அவர் சொன்னது, நான் இறுக்கச் சொன்னது, அவரைக் கை காட்டியது. அவள் அலசுவதை நிறுத்தவில்லை.

"அவரு என் முன்னால மண்டி போட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பட்டறையில."

"என்ன செஞ்சுகிட்டு?"

"மூடி."

கீரையை உதறி இன்னொரு கூடையில் போட்டாள். "நான் மன்னிச்சது அவரைத்தான். அதைத் திருப்பி எடுத்து உங்களுக்குக் கொடுக்க முடியாது. படகு வந்துடும், போங்க," என்றாள்.

திரும்பி வந்து மேனேஜரைப் பார்த்து, நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்று எழுதச் சொன்னேன். "ஊலே, யாராவது தன் பலகையில தன் தப்பைத் தானே எழுதச் சொல்வாங்களா? அந்த ரெண்டு வரியை எடுத்துடறோம், விடுங்க," என்றார். எடுக்கக் கூடாது என்றேன். எடுத்துவிட்டால் எல்லா இடத்திலும் என் பேர் மட்டும் மிஞ்சும். கோஜீ கவனமில்லாதவராகவும் இருக்க மாட்டார், மூச்சு மூடி செய்தவராகவும் இருக்க மாட்டார், இல்லவே இல்லாதவராகிவிடுவார்.

ஆகவே கம்பெனிக்கும் இதைப் படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். நான் யாருடைய பங்கையும் இனி எடுத்துக்கொள்ள மாட்டேன். என் பங்கை யாரும் மறைக்கவும் விடமாட்டேன். தேயிலை மூடி என்னுடையது, எண்ணெய் கசியாத மூடி என்னுடையது, எழுதுங்கள். காற்றே விடாத அந்த முதல் மூடியும் என்னுடையது. அதை நினைத்தவன் நான், இறுக்கச் சொன்னவன் நான், குனிந்து பார் என்று சொன்னவன் நான். அதையும் என் பேர் போட்டு, மற்ற எழுத்தின் அதே உயரத்தில் எழுதுங்கள். மூச்சு மூடி அவருடையது. அவர் பேரை, மகளிடம் கேட்டு, பிழையில்லாமல் எழுதுங்கள். அப்படி எழுதாத பலகையை நான் உயிரோடு இருக்கும்வரை அந்த வாசலில் ஏற்றக் கூடாது.